ஒரே கம்ப்யூட்டரில் 6 மானிட்டர்: இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

ஷேர் மார்க்கெட் டிரேடிங், சிசிடிவி கண்காணிப்பு, வீடியோ எடிட்டிங், டிடிபி எனப் பல வேலைகளுக்கு இப்போது ஒரு மானிட்டர் போதுவதில்லை. கம்ப்யூட்டர் ஒன்றுதான், திரை மட்டும் நான்கு, ஆறு வேண்டும் என்ற நிலை. "இன்னொரு கிராபிக்ஸ் கார்டு போட்டுட்டா வேலை முடிஞ்சுது" என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை.

யோசனை தவறில்லை. ஆனால் கார்டை வாங்கி மாட்டிய பிறகும் திரை கறுப்பாகவே நிற்பது, அதுவரை நன்றாக ஓடிய மானிட்டரும் சேர்ந்து அணைந்துபோவது போன்ற சிக்கல்கள் வருவதுண்டு. கார்டு பழுதாக இருக்கும் என்று நினைத்து இன்னொன்று வாங்குபவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும். பணம் செலவழிக்கும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

போர்ட் 5 இருந்தால் 5 மானிட்டர் ஓடுமா?

ஓடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கார்டின் பின்புறம் இருக்கும் போர்ட்களின் எண்ணிக்கை வேறு, அந்தக் கார்டு ஒரே நேரத்தில் இயக்கக்கூடிய மானிட்டர்களின் எண்ணிக்கை வேறு. அதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் சிப்.

இன்றைய என்விடியா ஜீபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் பெரும்பாலானவை அதிகபட்சம் 4 மானிட்டர்களை இயக்கும். 5 போர்ட் இருந்தாலும் ஐந்தாவது மானிட்டருக்கு உயிர் வராது. ஜிடி 1030 போன்ற சிறிய கார்டுகளில் இந்த வரம்பு 2 மட்டுமே. மறுபுறம், ஏஎம்டி 2010-ல் வெளியிட்ட ரேடியான் எச்டி 5870 ஐஃபினிட்டி 6 என்ற கார்டு தனியாகவே 6 மானிட்டர்களை இயக்கியது.

எனவே போர்ட்டை எண்ணுவதோடு நிறுத்தாமல், தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான விவரப் பட்டியலில் 'அதிகபட்ச டிஸ்ப்ளே' எத்தனை என்று பார்ப்பதே சரியான வழி.

ஏற்கெனவே கையில் இருக்கும் 'இரண்டாவது கார்டு'

பல கம்ப்யூட்டர்களில் பிராசஸருக்கு உள்ளேயே ஒரு கிராபிக்ஸ் சிப் இருக்கிறது. மதர்போர்டின் பின்புறம் உள்ள எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் ஆகியவை இதனுடன் இணைந்தவை. இன்டெலில் 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை கோர் பிராசஸர்களில் இருந்தே இந்த உள் சிப்பால் 3 மானிட்டர்கள் வரை இயக்க முடியும். மதர்போர்டில் அத்தனை போர்ட் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு மாட்டியதும் பல மதர்போர்டுகள் இந்த உள் சிப்பைத் தானாகவே அணைத்துவிடும். "கார்டு போட்டதும் பழைய மானிட்டர் வரலை" என்ற புகாருக்கு அடிக்கடி இதுதான் காரணம். பயாஸ் அமைப்புக்குள் சென்று, 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' போன்ற பெயரில் இருக்கும் வசதியை ஆன் செய்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். அதாவது 4 மானிட்டர் தாங்கும் கார்டுடன் இதையும் சேர்த்தால், புதிதாக எதுவும் வாங்காமலேயே 6 திரைகளை எட்ட முடியும்.

ஒரு எச்சரிக்கை: இன்டெலில் மாடல் எண்ணின் முடிவில் 'எஃப்' இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி ரைசன் 5000 வரிசையில் மாடல் எண்ணில் 'ஜி' எழுத்து இல்லாத டெஸ்க்டாப் மாடல்களிலும் கிடையாது. அந்தக் கம்ப்யூட்டர்களில் மதர்போர்டு போர்ட்டில் கேபிளைச் செருகினால் படம் வராது. பழைய மதர்போர்டுகளில் எச்டிஎம்ஐ 1.4 போர்ட் இருந்தால், 4கே மானிட்டர் நொடிக்கு 30 ஃபிரேம் மட்டுமே காட்டும். மவுஸ் அம்புக்குறி கூட இழுத்து இழுத்து நகர்வது போலத் தெரியும்.

ஸ்ப்ளிட்டர் வாங்கினால் போதாதா?

எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தைத்தான் இரண்டு திரைகளிலும் காட்டும். விளம்பரத் திரைக்கு அது சரி. தனித்தனி விண்டோக்களைத் திறந்து வேலை செய்ய உதவாது.

டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ல் இருந்து 'எம்எஸ்டி' என்ற வசதி இருக்கிறது. கார்டில் இருந்து ஒரு மானிட்டருக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு எனச் சங்கிலி போல இணைக்கலாம். முழு எச்டி மானிட்டர் என்றால் ஒரே போர்ட்டில் 4 வரை தாங்கும். அதற்குக் கடைசி மானிட்டர் தவிர மற்றவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் 'அவுட்' இருக்க வேண்டும், அல்லது எம்எஸ்டி ஹப் வேண்டும். இது போர்ட் பற்றாக்குறையைத் தீர்க்குமே தவிர, சிப்பின் மொத்த மானிட்டர் வரம்பை உயர்த்தாது.

டிஸ்ப்ளேலிங்க் வகை யுஎஸ்பி அடாப்டர் மூன்றாவது வழி. இது படத்தைச் சுருக்கி யுஎஸ்பி வழியாக அனுப்புவதால் பிராசஸருக்குக் கூடுதல் வேலை. மெயில், எக்செல், சார்ட் பார்க்கப் போதும். கேம், வீடியோ எடிட்டிங்குக்கு ஏற்றதல்ல.

கார்டுதான் தேவை என்றால்... 3 சோதனைகள்

1. ஸ்லாட்: மதர்போர்டில் இரண்டாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருக்கிறதா? நீளமாக இருந்தாலும் இரண்டாவது ஸ்லாட் பெரும்பாலும் குறைந்த வேகத்தில்தான் இயங்கும். மானிட்டரில் சார்ட், டாக்குமெண்ட் காட்ட அந்த வேகம் தாராளம். முதல் கார்டு தடிமனானது என்றால் இரண்டாவது ஸ்லாட்டை மறைத்துவிடலாம், ஃபேனுக்குக் காற்றும் போகாது. இடைவெளியை அளந்து பார்ப்பது நல்லது.

2. எஸ்எம்பிஎஸ்: ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டும் என்றால் எஸ்எம்பிஎஸ்-ல் இருந்து தனி கேபிள் வர வேண்டும். 6 பின் கேபிள் 75 வாட், 8 பின் கேபிள் 150 வாட் தரும். கூடுதல் மானிட்டருக்காக மட்டும் வாங்குவதென்றால், தனி கேபிள் தேவைப்படாத சிறிய கார்டே பாதுகாப்பானது. ஜிடி 1030-ன் மின் தேவை சுமார் 30 வாட்தான். பழைய எஸ்எம்பிஎஸ்-ல் மலிவான கன்வர்ட்டர் போட்டுப் பெரிய கார்டை ஓட்டினால், லோடு ஏறும்போது கம்ப்யூட்டர் அணைந்துபோகலாம், கனெக்டர் உருகும் ஆபத்தும் இருக்கிறது.

3. டிரைவர்: பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். விண்டோஸ் 98 காலத்திலேயே பல கார்டுகளில் பல மானிட்டர் ஓட்டும் வசதி வந்துவிட்டது. விஸ்டாவில், எல்லாக் கார்டுகளும் ஒரே டிரைவரில் இயங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. 2009-ல் வந்த விண்டோஸ் 7 அதை நீக்கியது. அதனால் இன்று ஏஎம்டி கார்டு ஒன்றும் என்விடியா கார்டு ஒன்றும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம்.

விநோதம் என்னவென்றால், ஒரே நிறுவனத்தின் புதிய கார்டும் பழைய கார்டும் சேரும்போதுதான் சிக்கல் வருகிறது. இரண்டும் ஒரே டிரைவர் பதிப்பில் இயங்க வேண்டும். ஜிடி 710 போன்ற கெப்ளர் தலைமுறை கார்டுகளை என்விடியா 2021 அக்டோபரில் புதிய டிரைவர்களில் இருந்து விலக்கிவிட்டது. ஆர்டிஎக்ஸ் 4060 இருக்கும் கம்ப்யூட்டரில், விலை குறைவு என்று ஜிடி 710-ஐச் சேர்த்தால் இரண்டுக்கும் பொருந்தும் டிரைவரே கிடையாது. ஏதாவது ஒன்றுதான் சரியாக ஓடும். செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரண்டு கார்டு போட்டால் கேம் வேகம் கூடுமா?

கூடாது. இரண்டு கார்டுகளை இணைத்து ஒரே கேமை ஓட்டும் 'எஸ்எல்ஐ' வேறு தொழில்நுட்பம். அதற்கான புதிய டிரைவர் ப்ரொஃபைல்களை 2021 ஜனவரியோடு என்விடியா நிறுத்திவிட்டது. கூடுதல் மானிட்டருக்கு எஸ்எல்ஐ பிரிட்ஜ் எதுவும் தேவையில்லை. கார்டுகள் தனித்தனியே இயங்கினால் போதும்.

மாட்டிய பிறகு என்ன செய்வது?

விண்டோஸ் பட்டனுடன் 'பி' அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்வு செய்ய வேண்டும். பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மேஜை மீது மானிட்டர்கள் இருக்கும் வரிசையிலேயே படங்களை இழுத்து அடுக்க வேண்டும். இல்லையென்றால் மவுஸ் வலது பக்கம் போக வேண்டிய இடத்தில் இடது பக்கம் போகும்.

கேம், எடிட்டிங் செய்யும் மானிட்டர் சக்திவாய்ந்த கார்டிலும், மற்றவை சிறிய கார்டிலும் இருப்பது நல்லது. ஒரு கார்டு உருவாக்கும் படத்தை வேறு கார்டின் மானிட்டரில் காட்டும்போது, ஒவ்வொரு ஃபிரேமும் நகலெடுத்து அனுப்பப்படுவதால் வேகம் குறையும்.

சுருக்கமாக எத்தனை மானிட்டருக்கு எது?

* 2 முதல் 4 வரை: இருக்கும் கார்டின் வரம்பு 4 என்றால் அதுவே போதும். போர்ட் குறைந்தால் எம்எஸ்டி.
* 5 அல்லது 6: கார்டுடன் பிராசஸரின் உள் கிராபிக்ஸையும் பயாஸில் ஆன் செய்து பார்க்கலாம்.
* அதற்கும் மேல், அல்லது உள் கிராபிக்ஸ் இல்லை என்றால்: ஸ்லாட், எஸ்எம்பிஎஸ், டிரைவர் மூன்றும் பொருந்தும் சிறிய இரண்டாவது கார்டு.

கடைக்குப் போகும்போது பிராசஸர், மதர்போர்டு, இருக்கும் கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் ஆகிய நான்கின் மாடல் எண்களையும் எழுதிக்கொண்டு போவது நல்லது. இந்த நான்கும் தெரியாமல் எந்தக் கார்டு பொருந்தும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.