பின்னல் நூற்கடை: வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

சூரிச் பாடசாலைகளில் கைவேலை, ஆண் பெண் இருபாலாருக்கும் உரிய பாடமாகும். ஆதலால் பெற்றோர் பலர் பிள்ளையின் பொருட்டே முதன்முதலாகப் பின்னல் நூற்கடைக்குச் செல்கின்றனர்.

வாங்குதல்: நூலுருண்டையின் தாள்பட்டியில் ஊசியின் பருமன், சலவை முறை, சாயத்தொகுதி எண் ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். நிறம் ஒன்றாயினும் தொகுதி வேறாயின் ஆடையில் வேறுபாடு தெரியும். எனவே முழு ஆடைக்கும் வேண்டிய நூலை ஒரே தொகுதியில் வாங்குக.

மாற்றுதல்: குறையற்ற பொருளை மீளப் பெறுமாறு சுவிஸ் சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்துவதில்லை. மிஞ்சும் உருண்டைகளைத் திருப்பிக் கொடுக்க இயலுமா என்பதைக் கொள்வனவின்போதே கேட்டறிக, பற்றுச்சீட்டைப் பேணுக.

விற்றல்: தாம் பின்னிய தொப்பி, காலுறைகளைச் சந்தையிலோ கடை வழியாகவோ விற்போர் உளர். இத்தகைய உபதொழிலின் ஆண்டு வருமானம் 2,500 பிராங்கை விஞ்சாதவிடத்து, முதியோர் காப்புறுதிக்கான (ஏ.எச்.வி.) பங்களிப்பு, தாங்கள் கோரினால் மட்டுமே அறவிடப்படும் (2025 நிலவரம்). ஆயினும் அவ்வருமானம் வரி அறிக்கையில் காட்டப்படல் வேண்டும்.

சமூக உதவி பெறுவோர் சிறு தொகையையும் தமக்குரிய சமூகசேவை அலுவலருக்கு உடன் அறிவித்தல் வேண்டும். அறிவிக்கத் தவறின் பணம் மீளக் கோரப்படலாம்; 2016 அக்டோபர் முதல் அது தண்டனைக்குரிய குற்றமுமாகும்; வதிவிட அனுமதியும் பாதிக்கப்படலாம். ஐயம் எழின் விற்பனைக்கு முன்னரே வினவுக.

பேரப்பிள்ளைக்குப் பின்னிக் கொடுக்கும் மேற்சட்டைக்கு எவ்வித அறிவித்தலும் தேவையில்லை.