மடங்கும் அரிவாள், தெறிக்கும் அரிவாள்

சீமைக்கருவேல் வெட்டும்போது ஒரு அரிவாளின் வாய் மடங்குகிறது. இன்னொன்றில் சில்லு தெறிக்கிறது. காரணம் இரும்பும், அதைப் பதப்படுத்திய விதமும்தான்.

கூர்மையைத் தாங்குவது கார்பன். சாதா இரும்பில் அது சுமார் 0.2 சதவிகிதம்தான், எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் வாய் நிற்காது. லாரி ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவிகிதம் உண்டு. அதனால்தான் கொல்லர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

சிவக்கக் காய்ச்சித் தோய்த்ததும் வாய் கடினமாகும். ஆனால், அடித்தால் நொறுங்கும். மறுபடியும் அளவாகச் சூடு காட்டினால்தான் அடி தாங்கும். இந்தச் சூடு குறைந்தால் சில்லு தெறிக்கும். மிஞ்சினால் வாய் மடங்கும்.

வாங்கும்போது வாயில் அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் கடினம் அதிகம்; சுலபமாக அராவினால் மிருது. சற்றே கடித்து அராவினால் சரியான பதம்.

நல்ல அரிவாளையும் கெடுப்பது மின்சாரச் சாணை. வாய் நீலம் பூத்தால் சூடு ஏறக்குறைய 300 டிகிரியை எட்டிவிட்டது, பதம் இறங்குகிறது என்று பொருள். நிறத்தைத் தேய்த்து எடுத்தாலும் பதம் திரும்பாது. கொல்லரிடம்தான் போக வேண்டும். எனவே, அடிக்கடி தண்ணீரில் நனைத்தே சாணை பிடியுங்கள். மழுங்கிய அரிவாள் மரத்தில் வழுக்கிக் காலைத்தான் தேடும்.