2029-ல் உலகம் அழியுமா? உங்கள் கம்ப்யூட்டரிலேயே பாருங்கள்!

என் அக்கா வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தபோது அக்கா மகள் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். யாரோ செல்போனில் அனுப்பிய தகவலைக் காட்டினாள். 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை அன்று அபோபிஸ் என்ற விண்கல் பூமி மீது மோதப்போகிறதாம். வாய்ப்பு 37-ல் ஒன்று என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்களாம்.

"மாமா, அப்ப நான் பத்தாவது. பரீட்சைக்குப் படிக்கணுமா, வேண்டாமா?"

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்றார் அக்கா. மேலும், அந்தத் தகவல் முழுப் பொய்யும் அல்ல. 37-ல் ஒன்று என்பது ஒரு காலத்தில் விஞ்ஞானிகள் உண்மையிலேயே சொன்ன கணக்குதான். எனவே கம்ப்யூட்டரை ஆன் செய்து இருவரும் உட்கார்ந்தோம். நாங்கள் செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம். எந்த சாஃப்ட்வேரும் டவுன்லோட் செய்ய வேண்டாம்.

பாதையைப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவின் நாசா அமைப்புக்காக இயங்கும் ஜேபிஎல் ஆய்வுக்கூடம், இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோள்களின் விவரங்களை 'ஸ்மால் பாடி டேட்டாபேஸ்' என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது. உங்கள் பிரவுசரைத் திறந்து, தேடுதளத்தில் ஜேபிஎல் என்பதோடு இந்தப் பெயரையும் ஆங்கிலத்தில் டைப் செய்தால் அந்தத் தளம் கிடைக்கும். அதன் தேடும் கட்டத்தில் 99942 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். இதுதான் அபோபிஸின் பதிவு எண்.

அங்கே 'ஆர்பிட் வியூவர்' என்ற பகுதியைத் திறந்தால் நடுவில் சூரியனும், சுற்றிலும் கிரகங்களின் பாதைகளும், அபோபிஸின் பாதையும் தெரியும். மவுஸால் இழுத்துத் திருப்பிப் பார்க்கலாம். அபோபிஸ் சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 324 நாட்கள் ஆகின்றன. அதன் பாதை சற்றே நீண்ட வட்டம். ஒரு பக்கம் வெள்ளி கிரகத்தின் பாதை வரை நெருங்குகிறது. மறுபக்கம் பூமியின் பாதைக்கு வெளியே போய்விடுகிறது.

"கோடு ரெண்டும் வெட்டுதே மாமா!" என்றாள். பாதைகள் நெருங்குவது வேறு, இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே இருப்பது வேறு என்றேன். எத்தனையோ பஸ்கள் தினமும் லெவல் கிராசிங்கைக் கடக்கின்றன, ரயிலும் கடக்கிறது. நேரம்தான் முக்கியம்.

37-ல் ஒன்று வந்த கதை

அபோபிஸ் 2004 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு இரவுகள் மட்டுமே பார்க்க முடிந்தது. பிறகு டிசம்பரில்தான் மீண்டும் சிக்கியது. கணக்குப் போட்டார்கள். முதலில் 300-ல் ஒன்று, பின்பு 60-ல் ஒன்று என்று ஏறி, டிசம்பர் 27 அன்று 37-ல் ஒன்று, அதாவது 2.7 சதவீதம் என்றானது. முந்தைய நாள்தான் சுனாமி. நாம் எல்லோரும் கடற்கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், இந்தச் செய்தி பலர் கண்ணில் படவே இல்லை.

அதே நாளில் பழைய படங்களைத் தேடியபோது, 2004 மார்ச் மாதம் எடுத்த படங்களிலேயே அபோபிஸ் மங்கலாகப் பதிவாகியிருந்தது தெரிந்தது. அந்தப் புள்ளிகளையும் சேர்த்ததும் 2029 மோதல் வாய்ப்பு கணக்கிலிருந்தே நீங்கிவிட்டது.

அப்படியானால் முதலில் ஏன் ஏறியது? கம்ப்யூட்டர் ஒரே ஒரு பாதையைக் கணக்கிடுவதில்லை. கிடைத்த படங்களுக்குப் பொருந்தக்கூடிய ஆயிரக்கணக்கான பாதைகளை ஓட்டிப் பார்த்து, அவற்றில் எத்தனை பூமியில் முடிகின்றன என்று எண்ணுகிறது.

கிரிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்ஸ்மேன் சிக்ஸர் அடிக்கிறார். பந்து மேலே போகும்போது கேலரியில் யார் தலையிலும் விழலாம். கீழே வர வர, விழக்கூடிய இடம் சுருங்குகிறது. அந்தச் சிறிய வட்டத்துக்குள் நீங்களும் இருந்தால் உங்கள் பயம் கூடும். இன்னும் சுருங்கியதும் பந்து நாலு வரிசை தள்ளி விழுவது தெரிந்துவிடும். பந்து வழி மாறவில்லை. நமக்குத்தான் விவரம் கூடியது. 2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற குறுங்கோளுக்கும் இதேதான் நடந்தது. 2032-ல் பூமியில் மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறி, சில நாட்களிலேயே ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியது.

எவ்வளவு அருகில் வரும்?

அதே பக்கத்தில் பூமியை நெருங்கும் தேதிகளின் அட்டவணை இருக்கிறது. 2029 ஏப்ரல் 13-க்கு நேராக தூரம் 0.000254 என்று இருக்கும். இது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரத்தை ஒன்று என வைத்துச் சொல்வது. விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து 14,96,00,000-ஆல் பெருக்குங்கள். சுமார் 38,000 கி.மீ. வரும். இது பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரம். பூமியின் ஆரம் 6,371 கி.மீ.யைக் கழித்தால் கிட்டத்தட்ட 32,000 கி.மீ. நமக்கு டி.வி. சேனல்களைத் தரும் சாட்டிலைட்டுகள் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ளன. அதைவிடவும் அருகில் வருகிறது! ஆனால் மோதாது.

(ஆர்பிட் வியூவர் படம் புரிந்துகொள்வதற்குத்தான். துல்லியமான தூரத்துக்கு அட்டவணையையே நம்புங்கள்.)

2021 மார்ச்சில் ராடார் மூலம், 1.7 கோடி கி.மீ. தொலைவில் இருந்த அபோபிஸின் தூரத்தை சுமார் 150 மீட்டர் துல்லியத்தில் அளந்தார்கள். அடுத்த 100 ஆண்டுகளுக்காவது மோதல் இல்லை என்று நாசா அறிவித்தது. 2029-ல் பூமியின் ஈர்ப்பு அதன் பாதையையே விரித்துவிடும். அதன் பிறகு ஒரு சுற்றுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

அது மிக அருகில் வரும் நேரம் நம் ஊர்க் கடிகாரப்படி ஏப்ரல் 14 அதிகாலை சுமார் மூன்றேகால் மணி. அதாவது சித்திரை முதல் நாள்!

கால்குலேட்டரில் கணக்குப் போட்டது அக்கா மகள்தான். விடை வந்ததும் அந்தச் செல்போன் தகவலுக்கு அவளே பதில் டைப் செய்தாள்: "இது 2004-ஆம் வருஷக் கணக்கு. இப்போதைய கணக்கு வேறு." பிறகு என்னைப் பார்த்து, "அப்ப பரீட்சை நிச்சயம் உண்டு" என்று பெருமூச்சு விட்டாள்.

அடுத்த முறை இப்படி ஒரு தகவல் வந்தால் மற்றவர்களுக்கு அனுப்பும் முன், அந்த எண் எந்தத் தேதியில் சொல்லப்பட்டது என்று பாருங்கள். பார்க்கத்தான் உங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறதே!