அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்!

ஸ்னோ ஒயிட் கதை தெரியும்தானே, குட்டீஸ்? கண்ணாடியிடம் கேள்வி கேட்கும் அந்தப் பொல்லாத ராணி, ஸ்னோ ஒயிட்டுக்கு என்ன உறவு?

"மாற்றாந்தாய்! இதுகூடவா தெரியாது?" என்பீர்கள். ஆனால், 1812-ல் கிரிம் சகோதரர்கள் புத்தகத்தில் இந்தக் கதை வந்தபோது, அந்த ராணி ஸ்னோ ஒயிட்டைப் பெற்ற தாய்! 1819-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆனாள். மாற்றியது யார்? தம்பி வில்ஹெல்ம்.

அண்ணன் ஜேக்கப் 1785-லும், தம்பி வில்ஹெல்ம் 1786-லும் ஜெர்மனியில் உள்ள ஹனாவ் என்ற ஊரில் பிறந்தார்கள். ஜேக்கப்புக்குப் பதினொரு வயதானபோது அப்பா இறந்துவிட்டார். குடும்பம் வறுமையில் விழுந்தது. பள்ளியில் படிக்கும்போது அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே கட்டில்தான். வளர்ந்த பிறகும் ஒரே வீடுதான்.

ஆனால் குணம்? ஜேக்கப் அதிகம் பேசமாட்டார். எந்நேரமும் புத்தகமும் பேனாவும்தான். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வில்ஹெல்முக்கோ அடிக்கடி மூச்சுத் திணறல், இதய நோய். ஆனாலும் கலகலப்பானவர், இசையும் நண்பர்களும் வேண்டும் அவருக்கு.

இருவரும் சேர்ந்து பழைய கதைகளைத் தேடித் தேடி எழுதினார்கள். டொரத்தேயா ஃபீமன் என்ற பெண்மணி காய்கறி விற்க காசெல் நகருக்கு வருவார். அவர் சொன்ன கதைகள் மட்டும் சுமார் 40! ஒரே கதையை மறுபடி சொன்னாலும் அப்படியே சொல்வாராம்; எங்காவது தவறினால் தானே திருத்திக்கொள்வாராம். (உங்கள் பாட்டி எப்படி? ஒவ்வொரு தடவையும் கதை மாறுகிறதா?)

இங்கேதான் இருவரும் வேறுபட்டார்கள். பழைய கதை முன்னோர் விட்டுச்சென்ற சொத்து, கேட்டபடியே காக்க வேண்டும் என்பது அண்ணன் கட்சி. "இது குழந்தைகளுக்கான புத்தகமாக இல்லையே" என்று நண்பர் ஒருவர் குறை சொன்னபோது, தான் குழந்தைகளுக்காக எழுதவில்லை என்றே ஜேக்கப் பதில் எழுதினார். படிக்க ஆள் இருந்தால்தானே கதை வாழும் என்பது தம்பி கட்சி. இரண்டாம் பதிப்பிலிருந்து வேலை பெரும்பாலும் தம்பி கைக்கு வந்தது. தவளை இளவரசன் கதை முதலில், இளவரசி காட்டுக்குப் போய்க் கிணற்றோரம் உட்கார்ந்தாள் என்று சட்டெனத் தொடங்கும். பிந்திய பதிப்புகளில் ராஜா, அவருடைய அழகான மகள்கள், சூரியனே வியக்கும் கடைசி மகள் என்று வில்ஹெல்ம் ஜோடித்துவிட்டார். 'ஹான்செல் - கிரெட்டல்' கதையின் அம்மாவும் 1840-ல் மாற்றாந்தாய் ஆனாள்!

1825-ல் 50 கதைகளோடு ஒரு சின்னப் பதிப்பு வந்தது. படம் வரைந்தது இன்னொரு தம்பி லுட்விக். நன்றாக விற்றது. அதே ஆண்டு வில்ஹெல்ம் திருமணம் செய்துகொண்டார். மணமகள் யார் தெரியுமா? அவர்களுக்குப் பல கதைகள் சொன்ன, மருந்துக்கடைக்காரர் மகள் டோர்ட்சென்! ஜேக்கப் அந்த வீட்டிலேயே ஒருவராக இருந்தார்.

தம்பி செய்தது சரியா? அவர் மெருகேற்றியிராவிட்டால் அந்தக் கதைகள் நம் ஊர்வரை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால், 'பெற்ற தாயே அப்படிச் செய்தாள்' என்று அந்தக் காலத்து மக்கள் சொன்னதும் உண்மைதானே? முதல் பதிப்பு மிஞ்சியதால்தான் அது நமக்குத் தெரிகிறது. அவர்கள் கைப்படத் திருத்திய பிரதிகளை 2005-ல் யுனெஸ்கோ 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது.

கருத்து வேறானாலும் கை விட்டுப் போகவில்லை. 1837-ல் அரசியல் சட்டத்தை ரத்து செய்த ஹனோவர் மன்னரை எதிர்த்துக் கையெழுத்திட்ட ஏழு பேராசிரியர்களில் இவர்கள் இருவரும் உண்டு. இருவருக்கும் வேலை போனது! அடுத்த ஆண்டே ஜெர்மன் அகராதி ஒன்றைத் தொடங்கினார்கள். 'டி' எழுத்தை முடித்த வில்ஹெல்ம் 1859-ல் காலமானார். அண்ணன் தனியாகத் தொடர்ந்தார். மற்றவர்கள் அந்த அகராதியை முடித்தது 1961-ல்!

1863-ல் ஜேக்கப் இறந்தபோது 'எஃப்' எழுத்தில் இருந்தார். அவர் கடைசியாக எழுதிக்கொண்டிருந்த சொல் 'ஃப்ருக்ட்'. அப்படியென்றால் பழம்!