ஒரு கம்பியில் இருவர்

பழைய ரி.வி. கேம் பெட்டியில் இரண்டு கொன்ட்ரோலர்தான் கொழுவலாம். நால்வர் விளையாட, மல்டிடாப் என்ற இணைப்புப் பெட்டி ஒன்று வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. நின்டென்டோ 1990இல் வெளியிட்ட ஃபோர் ஸ்கோர் என்ற மல்டிடாப்பையே பாருங்கள். கொன்ட்ரோலரில் எட்டுப் பொத்தான்கள்; அவற்றின் நிலையைச் சொல்ல ஒரேயொரு கம்பி. திருகோணமலைத் துறைமுக வாயிலால் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைவதுபோல, எட்டுச் செய்திகளும் அந்தக் கம்பியில் வரிசையாக வருகின்றன. ஃபோர் ஸ்கோர் முதலாமவரின் எட்டுக்குப் பின்னால் மூன்றாமவரின் எட்டையும், இரண்டாமவரின் எட்டுக்குப் பின்னால் நான்காமவரின் எட்டையும் நிறுத்துகிறது. அதன்பின் தன் அடையாளமாக இன்னும் எட்டு. கேமை எழுதியவர் முதல் எட்டோடு வாசிப்பை நிறுத்தியிருந்தால், மற்ற இருவரும் எவ்வளவு அழுத்தினாலும் திரையில் எதுவும் அசையாது.

பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். எமுலேட்டரும் அதே கேமைத்தான் ஓட்டுகிறது. இருவருக்கென எழுதியதை நால்வருக்கு ஆக்காது. 1996இல் நின்டென்டோ 64 என்ற கேம் பெட்டி நான்கு துளைகளோடேயே வந்தது. அங்கும் கேம் அனுமதித்தால்தான் நால்வர். ஆகவே காசு கொடுக்குமுன், கையிலுள்ள கசெட்டில் எத்தனை பேர் விளையாடலாம் என்று பாருங்கள். செருகியையும் பாருங்கள்: ஃபோர் ஸ்கோருக்கு ஏழு முனை, நகல் பெட்டிகள் பலவற்றில் ஒன்பது.