4 முழ வேட்டிக்கு ஒன்றரை நொடி போதும்! - மினி டிராக்டரில் குழி போடுபவர்கள் கவனத்துக்கு...

திருச்செங்கோடு என்றதும் அர்த்தநாரீஸ்வரர் மலைக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது போர்வெல் லாரிகள். இந்தியாவின் பல மாநிலங்களுக்கும், கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இங்கிருந்து ரிக் வண்டிகள் போகின்றன. பூமியைத் துளைப்பதையே தொழிலாக வைத்திருக்கும் சேலம், நாமக்கல் வட்டாரத்தில், இரண்டடி, மூன்றடியோடு நின்றுவிடும் ஒரு குட்டித் துளைக்கருவியும் இப்போது தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிறது. மினி டிராக்டரின் பின்னால் மாட்டும் ஆகர். 'குழி போடுற மிஷின்' என்றால்தான் பலருக்குப் புரியும்.

முன்பு இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கிளுவை வேலிதான் காவல். குச்சியை வெட்டி நட்டால் தானே துளிர்த்துக்கொள்ளும். இன்று கல்கால் நட்டு கம்பி வேலி போடுபவர்கள்தான் அதிகம். பாகல், புடலை, பீர்க்கன் பயிரிடுபவர்களுக்குப் பந்தல் போடவும் கல்கால் வேண்டும். கல்கால் என்றால் குழி வேண்டும்.

எத்தனை குழி? சதுரமான 1 ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 209 அடி. சுற்றிவந்தால் ஏறக்குறைய 835 அடி. 10 அடிக்கு ஒரு கால் என்று வைத்தாலும் 84 குழி. கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெயிலில் இதைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு, அதற்கு ஆள் தேடி அலைந்தவர்களுக்கு, இந்த மிஷின் ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று விளக்க வேண்டியதில்லை. இளகிய செம்மண்ணில் ஒரு குழிக்கு ஓரிரு நிமிடம். இன்னொரு லாபமும் உண்டு. கையால் தோண்டும்போது மண்ணை அள்ளுவதற்காகவே குழியை அகலப்படுத்த வேண்டியிருக்கும். ஆகர், பிளேடின் அகலத்துக்கு மேல் மண்ணைக் கலைக்காது. அதனால் நட்ட கால் ஆடாமல் நிற்கும்.

ஆனால், மண் சம்மதிக்க வேண்டும். மேலே ஓரடி செம்மண், கீழே சரளை, அதற்கும் கீழே சுக்கான் அல்லது பாறை என்று இருக்கும் காடுகள் இங்கே நிறைய. பெரும்பாலான மினி டிராக்டர்களில் ஹைட்ராலிக், கருவியைத் தூக்க மட்டும்தான் செய்யும், கீழே அழுத்தாது. ஆகர் தன் எடையில்தான் இறங்க வேண்டும். சுக்கானில் பட்டதும் பிளேடு அதே இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும். நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, மண் ஈரமாகவும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் வேலை வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்னை இல்லை.

வாடகை பேசும்போதும் மண்ணை நினைவில் வையுங்கள். மணிக் கணக்கா, குழிக் கணக்கா என்று கேட்பார்கள். கல்காட்டுக்காரர்கள் குழிக் கணக்குக்குப் பேசுவதே நல்லது என்பது என் கட்சி. இல்லாவிட்டால், பாறையில் பிளேடு வெறுமனே சுற்றும் நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும்.

இறங்காத ஆகர்மேல் ஏறி உட்காராதீர்கள்

இந்த இடத்தில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. ஆகர் இறங்கவில்லை என்றால், பக்கத்தில் நிற்கும் ஒருவர் எடை கொடுப்பதற்காக அதன் மேல்சட்டத்தைப் பிடித்துத் தொங்குவார், அல்லது ஏறியே உட்கார்ந்துவிடுவார். அவர் உட்காரும் இடத்துக்கு அருகே ஓடிக்கொண்டிருப்பது பி.டி.ஓ. ஷாஃப்ட். டிராக்டர் இன்ஜினின் சக்தியைக் கருவிக்குக் கடத்தும் தண்டு அது.

வழக்கமான பி.டி.ஓ. வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது, ஒரு நொடிக்கு 9 சுற்று. கியர்பாக்ஸைத் தாண்டிய பிறகு ஆகர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுற்றும். அதைப் பார்த்துவிட்டு, 'மெதுவாத்தானே சுத்துது' என்று நினைத்துவிடுகிறோம். தண்டு சுற்றுவதோ முழு வேகத்தில். அதன் குறுக்களவு 2 அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சுற்றுக்கு 6 அங்குலத்துக்கு மேல் துணியைச் சுருட்டும். நொடிக்கு நாலரை அடிக்கும் கூடுதல். 4 முழ வேட்டி முழுதாகச் சுருள ஒன்றரை நொடிகூடத் தேவையில்லை. தோளில் கிடக்கும் துண்டுக்கு அதுவும் வேண்டாம். டிரைவர் சத்தம் கேட்டுத் திரும்பி, கிளட்ச்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். துணி கிழிந்து ஆள் தப்பினால் அதிர்ஷ்டம். பல நேரம் துணியோடு ஆளும் போகிறார்.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் பெருகியதால்தான், 1983-ல் மத்திய அரசு அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தோட்டத்துக்குள் வேலை செய்யும் ஒரு மினி டிராக்டரைச் சட்டம் வந்து எட்டிப்பார்க்காது. வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். பி.டி.ஓ. ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். புதுக் கருவியோடு வருவதுதான். உடைந்ததும் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். உறை இல்லாத வண்டி வந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். வேட்டி, லுங்கி, துண்டு, சேலை முந்தானை, துப்பட்டா எதுவும் வண்டியின் பின்பக்கம் போகக் கூடாது. பள்ளி விடுமுறை நாளில் வேலை வைத்தால், வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் கட்டாயம் வருவார்கள். அவர்களைத் திண்ணையிலேயே நிறுத்துங்கள்.

ஆகர் மண்ணுக்குள் சிக்கிக்கொண்டால் ஹைட்ராலிக்கால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மினி டிராக்டர் எடை குறைந்தது. முன்சக்கரம் மேலே எழும்பும். பி.டி.ஓ.வை நிறுத்தி, இன்ஜினையும் அணைத்து, பைப் ரெஞ்ச்சால் ஆகரைப் பின்னோக்கித் திருகி விடுவிப்பதுதான் முறை. சிக்குவதைத் தவிர்க்கவும் வழி உண்டு. ஒரே மூச்சில் இறக்காமல், அரையடி இறக்கி, தூக்கி, மண்ணை உதறிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். பாறையில் மோதும்போது உடைவதற்கென்றே ஷியர் போல்ட் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அது உடைந்தால் கியர்பாக்ஸ் பிழைத்தது என்று அர்த்தம். அடிக்கடி உடைகிறதே என்று கடினமான சாதா போல்ட்டை மாட்டினால், அடுத்து உடைவது கியர்பாக்ஸ்தான்.

கன்று நடுபவர்களுக்கு...

பரமத்தி வேலூர் பக்கம் வாழைக்கும் இதே கருவியைக் கேட்கிறார்கள். வாழைக்கு ஒன்றரை அடிக் குழி என்பதால் 18 அங்குல ஆகர் பொருந்தும். ஈரக் களிமண்ணில் மட்டும் ஒரு சிக்கல். பிளேடு தேய்த்துத் தேய்த்துக் குழியின் சுவரைச் சட்டிபோல வழவழப்பாக்கிவிடும். வேர் அதைத் துளைக்கத் திணறும், தண்ணீரும் தேங்கும். நடுவதற்கு முன் கொத்தால் சுவரைக் கீறிவிடுங்கள். தென்னைக்கு இது உதவாது. 3 அடி நீள, அகல, ஆழக் குழிதான் பரிந்துரை என்பதால், அதற்கு ஆளோ பெரிய இயந்திரமோதான் வேண்டும்.

சொந்தமாக வாங்க நினைப்பவர்கள், வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் மானியப் பட்டியலில் குழி தோண்டும் கருவியும் உண்டு. சிறு, குறு, பெண் விவசாயிகளுக்கு மானிய விகிதம் கூடுதல். வருடத்துக்கு 84 குழி மட்டும் போடுபவருக்கு வாடகையே போதும்.

வண்டி வருவதற்கு முதல் நாள், குழி விழும் இடங்களில் சுண்ணாம்பால் புள்ளி வையுங்கள். போர் மோட்டாருக்குப் போகும் கேபிளும், சொட்டுநீர்க் குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்று, அவற்றைப் புதைத்தபோது கூட இருந்தவரை அழைத்துவந்து காட்டச் சொல்லுங்கள்.