ஏரித் தெய்வமும் இதயத்தின் கதையும்

கொழும்பு கிராண்ட்பாஸ் வீதியில் உள்ள வீரகேசரி நாளிதழ் அலுவலகத்தில் பல்லாண்டுகள் பத்திரிகைப் பணி புரிந்தவர் அன்னலட்சுமி இராஜதுரை. ‘யாழ் நங்கை’ என்ற புனைபெயரில் கதைகளும் எழுதினார். ஈழத்துத் தமிழ்ப் பெண்களின் நாவல் முயற்சி அவருக்கும் வெகு முந்தியது. மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இலேயே வெளிவந்துவிட்டது. கணவனால் மனம் நொறுங்கும் ஒரு மனைவியின் கதை அது.

அதற்கு 52 ஆண்டுகள் கழித்து, 1966இல், நைஜீரியாவின் புளோரா நுவாப்பாவும் ஒரு மனைவியின் வலியைச் சொல்லும் ‘எஃபுரு’ என்ற நாவலை வெளியிட்டார். எஃபுரு கெட்டிக்கார வியாபாரி. கை வைத்த தொழிலெல்லாம் லாபம். ஆனால் பெற்ற ஒரே பிள்ளையும் இறந்துவிடுகிறது. இரண்டு திருமணங்களும் நிலைக்கவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? பிள்ளையில்லாதவள் என்ற பேச்சு நம் ஊர்ப் பெண்களுக்கும் எவ்வளவு பழகிய வலி!

நுவாப்பா இதற்குப் பதிலை வெளியே தேடவில்லை. நைஜீரியாவின் இக்போ மக்கள் வணங்கும் ஏரித் தெய்வம் உஹாமிரி எஃபுருவைத் தன் அடியவளாகத் தேர்ந்தெடுக்கிறாள். அழகும் செல்வமும் உள்ள அந்தத் தெய்வத்துக்கும் பிள்ளை இல்லை. ஊரின் ஏச்சுக்கு ஊரின் தெய்வத்தைக் கொண்டே பதில் சொன்ன துணிவு மகத்தானது.

பின்னர் நுவாப்பா சொந்தமாகப் பதிப்பகமும் தொடங்கி, சிறுவர் நூல்களையும் வெளியிட்டார்.